வேகமாய்ப் போய்த் தோற்ற கதை

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஆறுமுகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தேங்காய் வெட்டு, பொங்கல், தங்கச்சி வீட்டு விசேஷம் என்று தாமதத்துக்கு வரிசையாகக் காரணம் சொல்லலாம். நீ நம்ப மாட்டாய். உண்மையான காரணம் கீழே வருகிறது.

முதலில் ஊர்ச் செய்தி. போன வாரம் உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். முட்டி வலி பரவாயில்லை, கண்ணாடிதான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். "ஆறுமுகம் எளைச்சுட்டானாமே, என்னத்தைத் தின்கிறானோ" என்று கேட்டார்கள். உன் சுகரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, நீயே சொல்லிக்கொள். மூலத்தரை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கிழக்குக் காற்று இந்த வருஷம் ஒரு பிடி அதிகம்தான். ராத்திரி முழுக்கப் பனை ஓலைச் சத்தம்; மஸ்கட்டில் ஏசிக்குள் தூங்குகிற உனக்கு அதெல்லாம் மறந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கார் ரேஸ் ஓட்டினேன். சிரிக்காதே. நாற்பத்து மூன்று வயதில், சட்டைப்பையில் வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு, பிள்ளைகளையும் புண்ணாக்கு மூட்டையையும் ஏற்றி இறக்குகிற அதே ஸ்விஃப்டில்.

எல்லாம் தங்கச்சி மகனால் வந்தது. பத்தொன்பது வயது, கோயம்புத்தூரில் காலேஜ். தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு, வாளையாறு நாலுவழிச் சாலையில் சிநேகிதன் காரோடு போட்டி போட்டு போலீஸில் மாட்டிக்கொண்டான். கூட்டி வரப் போனவன் நான். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் ரேஸ் விட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, இல்லையென்றால் 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூடப் போடலாம். வரும் வழியெல்லாம் திட்டினேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே, "ஓட்டறதுக்கு வேற எடம் எங்க மாமா இருக்குது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் சாதாரணக் கார்களுக்கென்றே டிராக் (drag) ரேஸ் நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. அவனை ஓட்டவிட்டால் தங்கச்சி என்னை வெட்டிப் போடுவாள். அதனால் நான் ஓட்டுவது, அவன் கூடமாட உதவிக்கு வருவது என்று பேச்சு.

2003-இல் செட்டிபாளையத்தில் கரி ரேஸ் தடம் திறந்த புதிதில் நீயும் நானும் பஸ் மாறிப் போய் வேலிக்கு வெளியே நின்றது ஞாபகம் இருக்கிறதா? அது வளைவும் திருப்பமுமாகச் சுற்றுகிற ரேஸ். இது அப்படியில்லை. நேராக ஒரே பாதை, 402 மீட்டர், அதாவது கால் மைல். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு எரிந்ததும் கிளம்பும். அவ்வளவுதான். ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அட, நம்ம ரேக்ளா!" அவர் பொள்ளாச்சி, உடுமலை என்று ஒரு காலத்தில் மாடு பூட்டித் திரிந்தவர் அல்லவா? அங்கேயும் 200 மீட்டர், 300 மீட்டர் என்றுதான் கணக்கு, விநாடியை வைத்துத்தான் பரிசு. அவர் எனக்குச் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: "எடுக்கும்போது மாட்டை அடிக்காதே. முதல் பத்தடி அதும்பாட்டுக்குப் போகட்டும், அப்புறம் கேளு." காருக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்று விடியற்காலையில் வண்டியைக் காலி செய்தோம். மிதியடி, பின்சீட்டுக் குப்பை, டிக்கியில் மூன்று வருஷமாகக் கிடந்த அரிவாள், குடை எல்லாம் வெளியே. ஸ்டெப்னி, ஜாக்கி இரண்டையும் மாட்டுக் கொட்டகையில் இறக்கி வைத்தான் பையன். கனம் குறையக் குறைய வேகம் கூடுமாம். பெட்ரோலும் கால் டேங்க்தான். வேலந்தாவளம் தாண்டி க.க.சாவடி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு.

ஓட விடுவதற்கு முன்னால் வண்டியைச் சோதித்தார்கள். பேட்டரி அசைகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, வீல் நட்டு இறுக்கமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வீல் கேப்பைக் கழற்றச் சொன்னார்கள். வேகத்தில் பறந்து யார் மண்டையிலாவது விழுமாம். ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ கட்டாயம். நான் செருப்போடு போயிருந்தேன். பையனின் ஷூவை வாங்கிப் போட்டேன், ஒரு சைஸ் சின்னது. நாள் முழுக்கக் கட்டைவிரல் மடங்கியே இருந்தது.

ஏசியை வரிசையில் நிற்கும்போதே அணைக்கச் சொன்னார்கள். காரணம் கேட்டால் அசந்துபோவாய். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பாதையில் விழுந்தால், பின்னால் வருகிறவன் டயர் வழுக்கும். கிளம்புகிற கோட்டுக்கு முன்னால் ஓரிடத்தில் தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறார்கள். ரேஸ் டயர் போட்ட வண்டிகள் அதில் சக்கரத்தை நனைத்துச் சுற்றவிட்டுப் புகை கிளப்பி டயரைச் சூடு செய்துகொள்ளும். நம்மைப் போலச் சாதாரண டயர்க்காரர்கள் அதில் இறங்கக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். டயர்ப் பள்ளத்துக்குள் தண்ணீர் ஏறிக் கோடு வரைக்கும் ஒழுகிக்கொண்டே வரும்.

கோட்டுக்கு எதிரே கம்பத்தில் விளக்குகள். கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். அமெரிக்காவில் 1963 வாக்கில்தான் இந்த விளக்கு வந்தது, அதுவரை ஒரு ஆள் நடுவில் நின்று கொடி காட்டுவானாம். பாதையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடுகிறது. முன்சக்கரம் முதல் கதிரை மறைத்தால் ஒரு விளக்கு, இன்னும் ஒரு சாண் உருட்டினால் அடுத்தது. அதற்கு மேல் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு மூன்று மஞ்சள் விளக்கு அரை அரை விநாடி இடைவெளியில் இறங்கி வரும், அடுத்த அரை விநாடியில் பச்சை. பச்சைக்கு முன்னால் சக்கரம் கதிரை விட்டுப் போனால் சிவப்பு.

முதல் ஓட்டத்தில் எனக்குச் சிவப்பு. முதல் மஞ்சள் எரிந்தது தெரியும். அடுத்தது எரிவதற்குள் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிய மாதிரி கால் தானாகக் கிளட்சை விட்டுவிட்டது. நேரம் 19.3 விநாடி. இறங்கி வந்தபோது பையன் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அது திட்டுவதைவிட மோசம்.

அப்புறம் அங்கே ஒரு பெரியவர், எங்களைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குக் கண்ணைத் திறந்தது அவர் சொன்ன ஒரு விஷயம்தான். ஓட்ட நேரம் பச்சை எரிந்த நொடியிலிருந்து ஓடுவதில்லை, நம் சக்கரம் கதிரை விட்டு நகர்ந்த நொடியிலிருந்துதான் ஓடுகிறது. நீ பச்சையைப் பார்த்துவிட்டு ஒரு பீடி பற்ற வைத்துக் கிளம்பினாலும் உன் நேரம் கெடாது, பக்கத்துக் கார்க்காரன் முந்திவிடுவான், அவ்வளவுதான். முதல் நாள் வந்தவன் எதற்கு விளக்கோடு மல்லுக்கு நிற்க வேண்டும்?

அதனால் இரண்டாவது தடவை பச்சையைக் கண் நிறையப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்து எஞ்சின் சுற்றை நிமிஷத்துக்கு 3,500 வரைக்கும் ஏற்றிக் கிளட்சைப் படீரென்று விட்டேன். முன்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே கிறீச்சென்று சுற்றின, வண்டி குதிகுதியென்று குதித்தது. என்ன சத்தம், என்ன நாற்றம்! பயங்கர வேகம் என்றே நினைத்தேன். நேரம் அச்சடித்த சீட்டை வாங்கிப் பார்த்தால் 19.0. அந்தச் சீட்டில் முதல் அறுபது அடிக்கு, அதாவது 18 மீட்டருக்கு, எவ்வளவு நேரம் என்று தனியாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு 2.9 விநாடி. பெரியவர் அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். இந்த அறுபதடியில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால் கடைசியில் ஒன்றரை, இரண்டு பங்காகத் திரும்பி வரும் என்றார். கிளம்பும்போது வண்டியின் கனமெல்லாம் பின்னால் சாய்கிறது. நம் வண்டியை இழுப்பதோ முன்சக்கரம். பிடிமானம் மிகக் குறைவாக இருக்கிற நேரத்தில் அதிகமாக மிதித்தால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது.

எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. முதல் பத்தடி அதும்பாட்டுக்குப் போகட்டும்.

பிடிமானம் கூடட்டும் என்று முன் டயரில் நாலு பாயிண்ட் காற்றை இறக்கினோம். மூன்றாவது ஓட்டத்தில் 2,000 வைத்துக்கொண்டு, மலைச் சாலையில் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்போமே, அந்த மாதிரி கிளட்சைப் பாதி விட்டுப் பிடித்துப் பிறகு முழுக்க விட்டேன். சத்தமே இல்லை. சக்கரம் ஒரு முறை முனகியது, பிடித்துக்கொண்டது. 6,000-இல் இரண்டாவது கியர், மறுபடி 6,000-இல் மூன்றாவது. காதில் என் மூச்சுதான் கேட்டது. கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 118 கிலோமீட்டர். அறுபதடி 2.5, மொத்தம் 18.6. இந்த வேகத்தில் நீ தினமும் ஆபீஸ் போகிறாய் என்று தெரியும். ஆனால் சோம்பேறித்தனமாக ஓட்டினேன் என்று நினைத்த ஓட்டம்தான் நல்ல ஓட்டம் என்பது அந்தச் சீட்டைக் கையில் வாங்கும் வரை எனக்கு ஏறவில்லை. பையன் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், யாருக்குக் காட்டவோ.

சாயங்காலம் போட்டி. அதில் ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. உன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று நீயே முன்கூட்டிக் கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான காருக்கு முதலில் பச்சை, வேகமான காருக்கு வித்தியாசம் கழித்துப் பச்சை. அதனால் ஸ்விஃப்டும் பெரிய காரும் சரிசமமாக மோதலாம். ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. இல்லையென்றால் எல்லோரும் பொய்யாக அதிகம் எழுதி ஜெயித்துவிடுவார்களே!

நான் 18.6 என்று எழுதினேன். எனக்கு எதிராகத் திருச்சூரிலிருந்து வந்த ஒரு பெண், போலோ கார், எழுதியது 15.9. நான் கிளம்பி 2.7 விநாடி கழித்துத்தான் அவருக்குப் பச்சை. தனியாக ஓடுகிற மாதிரியே இருந்தது. கடைசி நூறு மீட்டரில் பக்கக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆறுமுகம், அந்த மூன்று விநாடிக்காக இன்னொரு தடவை பணம் கட்டிப் போகலாம். நான்தான் முதலில் தாண்டினேன். கத்திக்கொண்டே தாண்டினேன்.

சீட்டில் 18.52.

மத்தியானம் வெயிலிலும் எதிர்க்காற்றிலும் ஓடி எழுதிய கணக்கு அது. சாயங்காலம் காற்று படுத்துவிட்டது, குளிர்ச்சியும் வந்துவிட்டது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூட, எஞ்சினுக்குள் பிராணவாயு கூடப் போகும், வண்டி கொஞ்சம் துள்ளும். பாலக்காட்டுக் கணவாயில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காற்றைக் கணக்கில் எடுக்கத் தெரியவில்லை பார். அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கை கொடுத்து, "சேட்டனு ஸ்பீடு கூடிப்போயி" என்று சிரித்தார். வேகம் கூடிப்போய் நான் தோற்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது பையன் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தான். அடுத்த தடவை 18.4 எழுதலாம், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நீங்கள் தூங்குகிறீர்கள் மாமா என்று. வாளையாறு பேச்சே வரவில்லை. க.க.சாவடி தாண்டியதும் வண்டி இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் டயரில் விரல் நீளத்துக்கு ஆணி. நான் டிக்கியைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். ஸ்டெப்னி மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது.

முக்கால் மணி நேரம் கழித்து இருட்டில் ஒரு டிவிஎஸ் 50 வந்தது. சித்தப்பா. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஸ்டெப்னி, ஜாக்கி பின்னால் கயிற்றில். வண்டியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரேக்ளாவுக்குப் போனாலும் சக்கரத்தைக் கழட்டி வெச்சுட்டுத்தான் போவியா?" என்றார். பையன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வீட்டில் இன்னும் ரேஸ் பார்க்கப் போனேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். சித்தப்பாவின் வாயை அடைக்க இரண்டு நாள் கள்ளுக்கடைச் செலவு ஆயிற்று. நீ வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது எங்கள் வீட்டுக்காரியிடம் எதையாவது உளறி வைக்காதே. அம்மாவிடம் சுகர் விஷயத்தைச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் செல்வம்