எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் 'நாக்' அமைப்புக்கான வேலை எங்கள் கல்லூரியில் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ஐந்தாண்டுகளில் ஆசிரியர்கள் எழுதி வெளியானவற்றையெல்லாம் வகை பிரித்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். ஆய்விதழ்க் கட்டுரைக்கு ஓர் அட்டவணை. நூல், நூலுக்குள் வந்த கட்டுரை, கருத்தரங்கத் தொகுப்பு இவற்றுக்கு இன்னொன்று. நூலகத்தில் இதே வேலையில் பழகியவள் நீ. பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை எங்கள் துறை இளம் ஆசிரியை ஒருவர் ஒன்பது கட்டுரைகளோடு வந்தார். ஒன்பதையும் ஆய்விதழ் என்றே எழுதியிருந்தார். மேலே இருந்த புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினேன். பார்கோடுக்கு மேல் 978-93 என்று தொடங்கும் 13 இலக்க எண். "இது ஐஎஸ்பிஎன்மா, நூலுக்குரியது. ஆய்விதழ் என்றால் ஐஎஸ்எஸ்என் இருக்கும், நாலு நாலாக எட்டு இலக்கம்தான்" என்றேன். "கருத்தரங்குக்குப் பணம் கட்டும்போது ஜர்னல்னுதான் சொன்னாங்க மேடம்" என்றார். முகம் வாடிவிட்டது. ஒன்பதில் ஐந்து தொகுப்பு நூல்களில் வந்தவை. இரண்டு நல்ல ஆய்விதழ்களில் வந்தவை. மீதி இரண்டில்தான் எனக்கே குழப்பம். கருத்தரங்கில் படித்த கட்டுரைகளை அப்படியே இரண்டு மின்னிதழ்கள் சிறப்பிதழாகப் போட்டிருக்கின்றன. ஐஎஸ்எஸ்என் இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் இதழிலும் நூற்றுக்கும் மேல் கட்டுரைகள். யார் எப்போது படித்துத் திருத்தினார்கள்?

வெறும் கட்டப் பிரச்சினை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி மொழித்துறையில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 மதிப்பெண், தொகுப்பு நூலில் வரும் கட்டுரைக்கு 5. இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். கட்டம் மாறினால் ஒருவருடைய பதவி உயர்வே தள்ளிப்போகலாம். யுஜிசி ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் கேர் பட்டியல் 2019இல் வந்தது, 2025 பிப்ரவரியில் யுஜிசி அதைக் கைவிட்டது. அந்த இடைப்பட்ட காலத்துக் கட்டுரைகளுக்கு, வெளியான மாதத்தில் அந்த இதழ் பட்டியலில் இருந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நடுவில் நீக்கப்பட்ட இதழ்களும் உண்டு. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு.

அந்த ஐந்தையும் நூல் கட்டத்துக்கு மாற்றிவிட்டேன். எண்ணிக்கை குறைகிறதே என்று முதல்வர் கவலைப்பட்டார். இருப்பதை இருக்கிறபடி எழுதுவோம் சார் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணை உட்கார வைத்து, இனி எந்த இதழுக்கு அனுப்பினாலும் முதலில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு மணிநேரம் சொல்லிக்கொடுத்தேன். அவருடைய கட்டுரைகளில் ஒன்று, நெசவாளர் வழக்குச் சொற்களைப் பற்றியது, உண்மையிலேயே அருமை. எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அது அருமைதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் மூத்த பேராசிரியர் ஆறு வருஷம் ஓலை ஏடுகளை ஒப்பிட்டு ஒரு சிற்றிலக்கியத்தை, ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதங்களோடு பதிப்பித்தார். அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது. மொழிபெயர்ப்புக்குக்கூடத் தனி வரிசை இருக்கிறது, மூலபாடப் பதிப்புக்கு இல்லை. 'நூலின் பதிப்பாசிரியர்' என்ற வரிசையில்தான் போட முடிகிறது, இந்தியப் பதிப்பகம் என்றால் 8 மதிப்பெண். அறுபது பேர் கட்டுரைகளை வாங்கி அச்சுக்குக் கொடுத்தவரும் அதே வரிசை, அதே 8. உ.வே.சா. 1887இல் சிந்தாமணியைக் கொண்டுவந்ததிலிருந்து நம் துறை நிற்பதே இந்த வேலையின் மேல்தானே மல்லிகா. பதிப்பாசிரியர் என்று இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது நம் மொழியின் குற்றமா, படிவத்தின் குற்றமா? இப்போதைக்கு அந்த வரிசையில் போட்டு, எத்தனை ஏடுகள், எங்கிருந்து கிடைத்தவை என்று ஒரு பக்கக் குறிப்பு இணைத்திருக்கிறேன்.

அப்புறம், அந்தச் சிறப்பிதழ் இரண்டின் ஐஎஸ்எஸ்என் எண்களையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்று நீ பார்த்துச் சொன்னால் போதும், மீதியை நான் முடிவு செய்துகொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே, வந்தால் அந்தப் பதிப்பை உன்னிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
கலா