வேலை முடிந்த பிறகும் ஓடிய நிரல்

ஆசிரியருக்கு,

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் குரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட் 40 நொடிக்குள் சிதறியது. 'பெரிய எண் 16 பிட்டில் அடங்கவில்லை' என்று சொல்லிப் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையும் அப்படித்தான் முடிகிறது. அது பாதி உண்மை.

அந்த எண்ணைக் கணக்கிட்டதே அநாவசியம். ராக்கெட்டின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து எடுத்தாளப்பட்டது. தரையில் நிற்கும்போது கருவியைச் சீரமைக்கும் பகுதி ஒன்று அதில் உண்டு. கிளம்பிய பின் அதற்கு வேலையில்லை. ஆனாலும் சுமார் 40 நொடி ஓடும். ஏரியான் 4-இல் கவுன்ட்டவுன் கடைசி நொடிகளில் நின்றுபோனால், மறுபடி சீரமைக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஏரியான் 5-க்கு அது தேவைப்படவில்லை. எடுக்கத்தான் ஆளில்லை.

இப்படி அடங்காமல் போகக்கூடிய 7 மாறிகளில் (நிரல் கையாளும் எண்களில்) 4-க்கு மட்டுமே வரம்புச் சோதனை இருந்தது. பிராசசரின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால், மற்ற மூன்றும் எல்லை மீறாது என்று நம்பிச் சோதனை இல்லாமலே விட்டார்கள். ஏரியான் 4-க்கு அந்தக் கணக்கு சரி. புதிய ராக்கெட்டிலோ கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. அந்த மூன்றில் ஒன்று, 16 பிட்டில் அடங்கும் உச்ச எண்ணான 32,767-ஐத் தாண்டியது.

அப்போதும் தப்பித்திருக்கலாம். '32,767-க்கு மேல் போனால் 32,767 என்றே வை' என்று ஒரு வரி போதும். எப்படியும் அந்த விடையை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் பிழை வந்தால் பிராசசரையே நிறுத்து என்பதுதான் விதி. வன்பொருள் பழுதென்றால் அது நியாயம், மாற்றுக் கருவி கைகொடுக்கும். இங்கே இரண்டிலும் ஒரே நிரல். மாற்றுக் கருவி 72 மில்லிநொடி முன்பே படுத்துவிட்டது! நின்றுபோன கருவி அனுப்பிய பிழைக்குறிப்பைப் பிரதான கணினி பறப்புத் தரவு என்றே எடுத்துக்கொண்டு, எஞ்சின்களின் வாயு வெளியேறும் முனைகளை ஓரத்துக்குத் திருப்பியது; ராக்கெட் திசைமாறிச் சிதறியது. வாங்கும் இடத்திலும் சோதனை இல்லை.

சீரமைப்பைக் கிளம்பியதுமே நிறுத்த வேண்டும், எந்த உணர்கருவியும் இயன்ற தரவை அனுப்புவதை நிறுத்தக்கூடாது என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது. ஏரியான் 5-இன் பறப்புப் பாதை விவரம் அந்தக் கருவிக்கான தேவைப் பட்டியலிலேயே இல்லை என்றும் குழு கண்டறிந்தது. அந்த விவரத்தை ஊட்டித் தரையில் ஒருமுறை ஓட்டியிருந்தால், பிழை சோதனைக்கூடத்திலேயே சிக்கியிருக்கும்.

– மென்பொருள் பொறியாளர், கோவை