லிங்கன் எழுதாத கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆசிரியர் தினச் சிறப்பிதழில், மகனைப் பள்ளியில் சேர்த்தபோது ஆபிரகாம் லிங்கன் தலைமையாசிரியருக்கு எழுதியது என்று ஒரு கடிதத்தைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். லிங்கன் அப்படியொரு கடிதம் எழுதியதற்கு ஆதாரமே கிடையாது. 1953-ல் அவருடைய கடிதங்களும் உரைகளும் தந்திகளும் தொகுதி தொகுதியாக அச்சேறின. அதில் இது இல்லை. மூத்த மகன் ராபர்ட் பூட்டிவைத்து, தாம் இறந்து 21 ஆண்டு கழித்தே திறக்கவேண்டும் என்று சொல்லிப்போன தந்தையின் காகிதக் கட்டுகளை 1947-ல் பிரித்தார்கள். அதிலும் இல்லை.

உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. வரலாற்று ஆசிரியனான நானே அதைச் சட்டம் போட்டு ஸ்டாஃப் ரூமில் மாட்டி, ஆண்டு விழாவில் குரலை ஏற்றி இறக்கி வாசித்தவன்தான்.

மகன் ராபர்ட்டுக்கு லிங்கன் நிஜமாக அனுப்பியவற்றில் பல, ஒன்றிரண்டு வரித் தந்திகள். 1863 ஜூலை 3, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டையின் மூன்றாம் நாள். முந்தின நாள்தான் லிங்கனின் மனைவி மேரி குதிரை வண்டியிலிருந்து விழுந்திருந்தார். ஹார்வர்டில் படித்த ராபர்ட்டுக்குத் தந்தி போகிறது: பயப்படாதே, அம்மாவுக்கு லேசான அடிதான். 14-ம் தேதி இன்னொன்று, மகன் தங்கியிருந்த நியூயார்க் ஹோட்டலுக்கு. கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்து அந்த ஊரே பற்றி எரிந்துகொண்டிருந்த சமயம். ‘உன்னிடமிருந்து ஏன் ஒரு தகவலும் இல்லை?’ அவ்வளவுதான் தந்தி. சென்னைக்குப் போன பிள்ளை போனை எடுக்காவிட்டால் நம் வீட்டில் கேட்கிற அதே கேள்வி. தந்தை ஜனாதிபதியாக இருந்த காலத்தில் அவரோடு பத்து நிமிஷம் நிம்மதியாகப் பேசக் கிடைத்ததில்லை என்று ராபர்ட் பின்னாளில் எழுதினார். பள்ளிக்கூடச் சுவரில் மாட்ட இதெல்லாம் தோதுப்படாதுதான்.

ஆனால் மாட்டத் தக்க கடிதம் ஒன்று உண்டு. 1859-ல் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வு எழுதிய ராபர்ட், 16 பாடங்களில் 15-ல் கோட்டைவிட்டார். எக்ஸெட்டர் என்ற ஊரின் பள்ளியில் ஒரு வருஷம் படித்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. மறு வருஷம் அவருடைய நண்பன் ஜார்ஜ் லேத்தமுக்கும் அதே கதி. ராபர்ட் இதை அப்பாவுக்கு எழுதுகிறார். லிங்கன் அப்போது ஜனாதிபதி வேட்பாளர், தலைக்கு மேல் வேலை. இருந்தும் கடிதம் கைக்கு வந்த மறுநாளே, ஜூலை 22-ம் தேதி, அந்தப் பையனுக்கு எழுத உட்காருகிறார். உன் தோல்வியைக் கேள்விப்பட்டபோது பட்ட வேதனையை வாழ்க்கையில் அதிகம் பட்டதில்லை என்கிறார். மனம் தளராமல் இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை, முயற்சியில் இறங்கிவிட்டாய், ஜெயித்தே ஆகவேண்டும் என்கிறார். ‘ஆகவேண்டும்’ என்ற சொல்லை மறுபடி எடுத்து அழுத்துகிறார். எழுதியது தேறாத பையனுக்கு, அதுவும் அடுத்தவர் பிள்ளைக்கு.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும். அந்த வார இதழில் லேத்தம் கடிதத்தை முழுசாகத் தமிழில் போடுங்கள், ஐயா. கட்டம் கட்டியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.