தம்பிக்கு, அம்மாவுக்குத் தெரியாமல்

சோழவந்தான்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவு ஆரம்பித்துவிட்டார்கள். தெற்கு ஓரத்துத் தென்னையில் வண்டு விழுந்திருக்கிறது. அக்கா மகன் உன் போட்டோவைக் காட்டினால் "மாமா" என்கிறான். மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். போனில் நான் பேச ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய், அதனால் பொடி டப்பாவோடு இதை வைத்து அனுப்புகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது துவைக்கிறதுக்குத் துணி எடுத்த அம்மா, உன் பையிலிருந்து நாலு காலி டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள். ஏதோ கூல்டிரிங்க்ஸ் என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். அதற்குள் நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டேன், எனர்ஜி டிரிங்க். மருந்து அட்டையின் பொடி எழுத்தைப் படித்தே பிழைத்தவன், விடுவேனா? அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் உன் கையைப் பிடித்திருந்தேனே, வழி தவறிவிடுவாய் என்றா பிடித்தேன்? நாடி ஓடிய ஓட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

"காபி மாதிரிதான்ப்பா" என்பாய். ஓரளவு சரி. நம் நாட்டு விதிப்படி இந்தப் பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன், காபியில் இருக்கிற அதே சரக்கு, இருக்கலாம். 250 மில்லி டப்பா என்றால் அதிகபட்சம் 75. ஒரு டப்பா குடித்து யாரும் விழுந்துவிட மாட்டார்கள், உன்னைப் பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. ஆனால் ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அந்த டப்பாவிலேயே போட்டிருக்கிறது. நாலு டப்பா என்றால் ஒரு லிட்டர். நாலையும் ஒரே ராத்திரியில் குடித்தாய் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவனுக்கு அது எதற்கு என்றும் கேட்கவில்லை.

காபியை நாம் ஊதி ஊதிக் குடிக்கிறோம். இதை ஐஸில் வைத்து ஒரே மூச்சில் இறக்குகிறீர்கள். அப்புறம் சர்க்கரை. சர்க்கரை போட்ட டப்பா ஒன்றில் 27 கிராம் வரை இருக்கிறது, ஐந்தாறு கரண்டி. தாத்தாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, அடுத்தது யார் என்று உனக்கே தெரியும். இங்கே பஸ் ஸ்டாண்டு கடையில் இருபது ரூபாய்க்குப் பாட்டிலில் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது, யூனிஃபார்மோடு வந்து வாங்கிக் குடிக்கிறார்கள். கடைக்காரரிடம் ஒருநாள் கேட்டேன். "படிக்கிற பிள்ளைக, தெம்பா இருக்கட்டும் சார்" என்றார். தெம்பாம்!

தெம்பு எங்கிருந்து வருகிறது? நாள் முழுக்க உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்று ஒன்று சேரும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால்தான் நமக்குத் தூக்கம் வரும். மாட்டுத்தாவணியில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிப்பார்களே, கஃபீன் செய்கிறது அதைத்தான். அசதி இறங்கிப் போய்விடவில்லை, நின்றுகொண்டே வருகிறது. துண்டை எடுத்ததும் மொத்தமாக வந்து உட்காரும். அந்த நேரத்தில் நீ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? குடித்ததில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பன்னிரண்டுக்குக் குடித்துவிட்டு விடிகாலை ஐந்து மணிக்குப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? தூங்கு தம்பி. வேறொன்றும் வேண்டாம், தூங்கு.

உன் சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. அமெரிக்காவில் 34 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019 இல் வந்தது. எல்லோரும் நோய் நொடி இல்லாத சிறு வயதுக்காரர்கள். இந்த மாதிரிப் பானம் ஒரு லிட்டர் போலக் கொடுத்து மணிக்கணக்கில் இசிஜி பார்த்திருக்கிறார்கள். க்யூடி என்கிற இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுருங்கி அடுத்ததற்குத் தயாராக எடுக்கிற நேரம், நீண்டிருக்கிறது, ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நல்ல இதயத்துக்கு அது பெரிதில்லாமல் போகலாம். நம் வீட்டு இதயம் எப்படிப்பட்டது என்று யார் பார்த்தார்கள்? சித்தப்பாவுக்கும் யாரும் பார்க்கவில்லை. ஒரு இசிஜி எடுத்துவிடு. கையோடு பிரஷரும் பார்த்துக்கொள்.

இன்னொன்று. உனக்கு அடிக்கடி வயிறு கெடும், நீயாகவே சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டுக்கொள்வாய். பலமுறை திட்டியிருக்கிறேன். அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் கஃபீன் உடம்பைவிட்டுப் போக இன்னும் நேரமாகும், படபடப்பு கூடும். இந்த டப்பா பானத்தைச் சாராயத்தில் கலந்து குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். போதை ஏறியதே தெரியாமல் மேலும் மேலும் குடித்துவிடுவார்கள். நீ அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியும்தான்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. சொசைட்டியில் கடன் தவணை கட்டப் போனால் அங்கே இருப்பவர்கள் எழுந்து, "உங்க மகன் மாதிரி வருமா சார்" என்கிறார்கள். வெளியே வரும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வருகிறேன். ஆனால் இரண்டு மாதமாக நீ அனுப்புவது உன் சம்பளத்துக்குக் கணக்கு ஒட்டவில்லை. போனஸ் என்றாய். சரி. பெரியப்பா மகன் சென்னைக்குப் போய்விட்டு வந்து, மேடவாக்கம் பக்கம் நடு ராத்திரியில் உன்னை மாதிரி ஒருவனைப் பார்த்ததாகச் சொன்னான். முதுகில் சதுரமாகப் பெரிய பையாம், சாப்பாடு கொண்டுபோகிற பையாம். "அவன் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன், நீ வேறு யாரையோ பார்த்திருக்கிறாய்" என்று அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் அவன் வாய் திறக்கவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன்.

எந்த வேலையும் கேவலமில்லை. உன் தாத்தா கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவர். ஆனால் பகலில் ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை, நடுவில் ஒரு டப்பா என்பது யாருக்கும் சரிப்படாது. மாடி கட்டிய கடன் என் பேரில் இருக்கிறது. என் பென்ஷனில் அது மெதுவாகப் போகும், போகட்டும். அக்கா வளைகாப்புக்கு வாங்கியதை மாப்பிள்ளையே கட்டிவிட்டார், உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிறாள். அடுத்த மாதம் பழையபடி அனுப்பினால் போதும். கூட வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு இப்போது ஜிபே தெரியும்.

இசிஜி எடுத்ததும் போட்டோ பிடித்து என் நம்பருக்கு மட்டும் அனுப்பு. நம் குடும்ப குரூப்பில் போட்டுவிடாதே, உன் அத்தை மதுரைக்கே சொல்லிவிடுவாள். இட்லிப் பொடியில் இந்தத் தடவை காரம் கூடிவிட்டது, எண்ணெய் தாராளமாக விட்டுக்கொள்.

அப்பா