தூக்கத்திலிருந்து எழாத லேப்டாப்: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்த பிறகு ஸ்லீப்பிலிருந்து எழாமல் அடம்பிடித்த என் லேப்டாப் இப்போது ஒழுங்காக எழுகிறது. அதற்கான பேட்ச் (நிரல் திருத்தம்) லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது; பிழைதிருத்தங்களுக்கான ஸ்டேபிள் பதிப்புகளுக்கும் வந்துவிட்டது. உதவியவர்கள் பலர். தனித்தனியாக நன்றி சொன்னால் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாமலே போகும். அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி, "பூட் மெனுவில் பழைய கெர்னல் இருக்குமே, அதில் எழுகிறதா?" என்று கேட்டவருக்கு. மற்றவர்கள் எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செய்திருந்தால் அதே புதிய கெர்னல்தான் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். பழைய கெர்னலில் எழுந்தது. மதர்போர்டு போய்விட்டதோ என்ற கவலை அந்த ஒரு கேள்வியில் தீர்ந்தது. டிஸ்ட்ரோ (நாம் நிறுவும் லினக்ஸ் தொகுப்பு) சேர்க்கும் பேட்ச்கள் இல்லாத, வெளி மாட்யூல் (கெர்னலில் தனியாக ஏற்றும் துண்டு) எதுவும் ஏற்றாத கெர்னலிலும் பார்த்துவிடுங்கள் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். அதிலும் பிரச்சினை வந்ததால், பிறகு யாரும் "அது உங்கள் டிஸ்ட்ரோவின் தவறு" என்று தட்டிக்கழிக்க முடியவில்லை.

அடுத்த சிக்கல், என்ன நடந்தது என்று மெஷின் எழுதிவைக்கும் லாக் கிடைக்காதது. மூடியைத் திறந்தால் ஃபேன் சுற்றும், பவர் லைட் எரியும், திரை மட்டும் கறுப்பு. அணைத்துவிட்டு மறுபடி பூட் செய்து லாக்கைப் பார்த்தால், தூங்கப் போகிறேன் என்ற வரியோடு நின்றிருக்கும். டிஸ்க்கே எழாதபோது லாக் எங்கே போய் எழுதப்படும்?

இங்கேதான் ஒருவர் வந்து இரண்டு வசதிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, கெர்னலின் பவர் மேனேஜ்மென்ட் சோதனையான பிஎம் டெஸ்ட். தூங்கப் போகும் வேலையை ஏதாவது ஒரு கட்டத்தில் நிறுத்தி, 5 விநாடி கழித்துத் திரும்பி வரச் செய்யும். ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர் என்று ஐந்து படிகள். முதல் இரண்டும் தேறின. பிளாட்ஃபார்மில் போன மெஷின் போனதுதான், திரும்பவில்லை.

இன்னொன்று பிஎம் டிரேஸ். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பும்போது அதன் அடையாளத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி, மதர்போர்டின் கடிகாரத்தில் எழுதிவைக்கும். ரேமில் இருப்பது ரீபூட்டில் அழிந்துவிடும். தனி பேட்டரியில் ஓடும் கடிகாரம் தாக்குப்பிடிக்கும். மெஷின் உறைந்ததும் அணைத்து உடனே பூட் செய்ய வேண்டும், தாமதித்தால் கடிகாரம் ஓடி எண்ணும் மாறிவிடும். அப்படிச் செய்தபோது கெர்னல் லாக்கில் "ஹாஷ் மேட்சஸ்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு பிசிஐ முகவரி (சாதனங்களை மதர்போர்டோடு இணைக்கும் பாதையில் ஒரு சாதனத்தின் இடம்). யாரென்று தேடினால் எஸ்டி கார்டு ரீடர்! வாங்கியதிலிருந்து அதில் நான் ஒரு கார்டைக்கூடச் செருகியதில்லை. இந்தச் சோதனை முடிந்ததும் மெஷினின் தேதி எங்கேயோ போயிருக்கும், அதைச் சரிசெய்யாமல் கெர்னலைக் கம்பைல் செய்தால் (மூல நிரலிலிருந்து உருவாக்கினால்) அதற்கான 'மேக்' கருவி புலம்பும் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்ததற்குத் தனி நன்றி.

பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடிப்பிடிக்கும் கிட் பைசெக்ட்டைக் கற்றுக்கொடுத்தவருக்கு அடுத்த நன்றி. இரண்டு கெர்னல் பதிப்புகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கமிட்கள் (பதிவான நிரல் மாற்றங்கள்) இருக்கும். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் 14 சுற்றில் ஒன்று மிஞ்சும். கணக்கு சுலபம்தான்; ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பைல், இன்ஸ்டால், ரீபூட், மூடியை மூடித் திறப்பது என்று வேலை இருக்கிறது. எந்தச் சாதனம் என்று தெரிந்துவிட்டதால், பிசிஐ, எம்எம்சி (மெமரி கார்டு) டிரைவர்கள் இருக்கும் டைரக்டரிகளுக்குள் மட்டும் தேடச் சொன்னார். லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டு, என் மெஷின் பயன்படுத்தாத மாட்யூல்களைக் கழற்றிவிடச் சொன்னார். வேலை பாதிக்கும் கீழே வந்தது. கமிட் சிக்கியதும் நான் துள்ளிக் குதித்தபோது, "அதை மட்டும் ரிவர்ட் செய்து, அதாவது விலக்கிப் பாருங்கள், பிறகு நம்பலாம்" என்று நிதானப்படுத்தியதும் அவரே.

அந்த கமிட்டின் நோக்கம் நல்லதுதான். தூங்கும்போது கார்டு ரீடருக்குப் போகும் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தினால் பேட்டரி மிச்சமாகும். ஆனால் எழும்போது இந்தச் சிப் பிசிஐ பாதையில் திரும்பத் தலைகாட்டவில்லை. பதில் சொல்லாத பிசிஐ சாதனத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 என்றே வரும். டிரைவரோ, "வேலையாக இருக்கிறேன்" என்று காட்டும் ஒரு பிட் 0 ஆகட்டும் என்று காத்திருந்தது. அது எப்போது 0 ஆவது? டிரைவர் காத்திருக்க, மொத்த மெஷினும் அதன் பின்னால் காத்திருந்தது.

அந்த கமிட்டை எழுதியவருக்கு என் மரியாதை. "என் மெஷினில் வேலை செய்கிறதே" என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முன்பு ஓடியது அப்டேட்டால் நின்றால் அது கெர்னலின் பிழை என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக விடாப்பிடியாகச் சொல்லிவருகிறார்; அதை மனதார ஏற்று நடப்பவர்களைப் பார்க்கும்போது தனி சந்தோஷம்.

அவருடைய முதல் பேட்ச், லேப்டாப் மாடலின் பெயரைப் பார்த்து, மின்சாரத்தை நிறுத்துவதிலிருந்து விலக்குக் கொடுத்தது. அப்போதுதான் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் குறுக்கிட்டார்: "என்னுடையது நன்றாகத்தானே எழுகிறது?" பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்த சாதன எண்களை இருவரும் ஒப்பிட்டோம். மூடியில் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் கார்டு ரீடர் சிப் வேறு! விலக்கு மாடலுக்கு அல்ல, சிப்பின் எண்ணுக்குத்தான் வேண்டும் என்று பேட்ச் மாறியது. எல்லாம் 1 என்று வந்தால் காத்திருக்காமல் பிழை சொல்லித் திரும்பும் சோதனையும் டிரைவரில் சேர்ந்தது. ஒரு குறையும் இல்லாத தன் மெஷினில், எனக்காகச் சோதனை கெர்னலை ஏற்றிப் பார்த்தார் அந்த நண்பர். அவருக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. இந்த மடலில் ஒருவருக்குத்தான் நன்றி சொல்லலாம் என்றால் நான் அவருக்குத்தான் சொல்வேன்.

பேட்ச் வரும்வரை கார்டு ரீடர் மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்து, ஏறாமல் தடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களுக்கும் நன்றி. புதிய கெர்னல் இன்னும் வந்துசேராதவர்களுக்கு இப்போதும் அதுவே வழி.

இந்த லேப்டாப்பை இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை. அந்த டிரைவரில் கைவைக்கும் யாருக்காவது இந்தச் சிப்பில் சோதிக்க ஆள் தேவைப்பட்டால் பேட்ச்சை அனுப்புங்கள், கம்பைல் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்