லிங்க்ட்இன்னில் பயத்தைப் பதிவாகப் போடுகிறவர்களுக்கு, ஒரு டெஸ்டரின் அக்கா எழுதுவது

லிங்க்ட்இன்னில் தினமும் எழுதும் கரியர் கோச்களுக்கும், டெக் லீடுகளுக்கும், ஹெச்ஆர் நண்பர்களுக்கும்,

வணக்கம். பன்னிரண்டு வருடமாக ஐடியில் இருக்கிறேன். சென்னை ஓஎம்ஆர் பக்கம்தான், சாஃப்ட்வேரில் பிழை தேடும் டெஸ்டிங்கில் ஆரம்பித்து இப்போது ஒரு சின்ன டீமைப் பார்த்துக்கொள்கிறேன். உங்களில் பலரை ஃபாலோ செய்கிறேன், சிலரிடம் நிறையக் கற்றும் இருக்கிறேன், அதனால் சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் போன வாரம் ஒரு பதிவு கண்ணில் பட்டது. "மேனுவல் டெஸ்டர்களே, உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்தான்." அதன் கீழே ஆயிரக்கணக்கில் லைக். அதே வரியைப் போன வருடமும் படித்திருக்கிறேன், அப்போது "டிசம்பருக்குள்" என்று இருந்தது. அந்த வரி என் வீட்டில் என்ன செய்தது என்று உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

என் தம்பி ஒரு கம்பெனியில் நாலரை வருடம் மேனுவல் டெஸ்டராக, அதாவது சாஃப்ட்வேரைக் கையாலேயே ஓட்டிப் பார்த்துச் சோதிப்பவனாக இருந்தான். பிராஜெக்ட் முடிந்தது, அடுத்த பிராஜெக்ட் வரும்வரை காத்திருக்கச் சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சில் இருப்பவனுக்குப் பகலில் வேலை இல்லை, ராத்திரியில் தூக்கம் இல்லை. அந்த நாட்களில் அவன் பார்த்தது முழுக்க உங்கள் பதிவுகள்தான். ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி இன்னும் பத்து வந்து நிற்கும். அவன் போனில் நாற்பதுக்கு மேல் ஸ்கிரீன்ஷாட் இருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். "டெஸ்டிங் செத்துவிட்டது." "முப்பது வயதுக்குள் மாறாதவர்களை யாரும் எடுக்க மாட்டார்கள்." அதில் ஒன்று இப்படி: "டெர்மினேட் என்று ரெக்கார்டில் விழுந்தால் உங்கள் கரியர் முடிந்தது, வாதம் செய்யாதீர்கள், பேப்பர் போட்டுவிட்டு அன்றைக்கே வெளியேறுங்கள்." எழுதியவர் ஹெச்ஆர் துறையில் இருபது வருட அனுபவம் உள்ளவர் என்று ப்ரொஃபைல் சொல்கிறது.

அதை அவன் படித்து இரண்டு நாள் கழித்து ஹெச்ஆர் ஒரு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் நல்லபடியாக வரும் என்றார்களாம். தம்பி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நோட்டீஸ் பீரியட் வேண்டாம், உடனே ரிலீவ் செய்யுங்கள் என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். கையெழுத்துப் போட்டபிறகுதான் எனக்கு போன் வந்தது. "அக்கா, நல்லவேளை, டெர்மினேஷன் ஆகாமல் தப்பித்துவிட்டேன்" என்றான். குரலில் நிம்மதி இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

கணக்கைச் சொல்கிறேன். ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான்கு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே கேட்கலாம் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதைக் காட்டி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவனுடைய நோட்டீஸ் பீரியட் 90 நாள். அதை முழுசாக முடித்திருந்தால் நான்கே முக்கால் வருடம் ஆகியிருக்கும். அவனுடைய மாத அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய். 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000, அதை ஐந்து வருடமாக எடுத்துக்கொண்டால் 75,000. கம்பெனி மறுத்திருக்கலாம், நாங்கள் எழுதிக் கேட்டிருப்போம். அது போக மூன்று மாதச் சம்பளம். அந்த மூன்று மாதமும் "நோட்டீஸில் இருக்கிறேன்" என்று நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் போட்டு வேலை தேடியிருக்கலாம், சீக்கிரம் சேரக்கூடிய ஆளைத் தேடும் கம்பெனிகள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எல்லாம் ஒரு மத்தியானத்தில் போய்விட்டது.

இதைச் சொல்ல உங்களில் ஒருவர்கூட இல்லையா? நாற்பது ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்றில்கூட கிராஜுவிட்டி என்ற சொல் இல்லை. "மீட்டிங் ரூமில் எதிலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், யோசிக்க ஒரு நாள் கேளுங்கள், பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பி வையுங்கள்" என்று ஒரு வரி இல்லை. பிஎஃப் பணத்தை ஐந்து வருட சர்வீஸுக்கு முன்னால் எடுத்தால் வருமான வரி வரும், முடிந்தவரை புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பது இல்லை. இதெல்லாம் ரகசியம் இல்லையே. இருபது வருடம் ஹெச்ஆரில் இருந்தவருக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். பயம் தரும் செய்தியைப் போடுகிறீர்களா, போடுங்கள். அதே பதிவில், படிப்பவர் நாளைக் காலையில் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் எழுதுங்கள்.

பயப்படவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது எங்கள் அபார்ட்மெண்டில் எத்தனை வீடுகளில் அன்றைக்கு ராத்திரி அடுப்பு லேட்டாகப் பற்றியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செய்தியிலேயே அது மொத்த ஊழியர்களில் 2 சதவீதம் அளவுக்குத்தான் என்பதும், பெரும்பாலும் நடு, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்பதும் இருந்தது. நான் பார்த்த பதிவுகளில் அந்த இரண்டையும் காணோம். "ஐடி முடிந்தது" மட்டும் இருந்தது. காலேஜ் மூன்றாம் வருடம் படிக்கிற பையன் அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் காட்டுகிறான், அப்பா நிலத்தை விற்றுச் சேர்த்த சீட் அது.

இதே சென்னையில் 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் பெரிய அளவில் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தது. அப்போது ஒரு கர்ப்பிணி ஊழியர் நீதிமன்றத்துக்குப் போனார், 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-ல் தெளிவுபடுத்தியது. என் தம்பிக்கு இது எதுவும் தெரியாது. கையில் சட்டம் என்று ஒன்று இருப்பது தெரிந்தால் ஒருவன் மீட்டிங் ரூமில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான்.

அப்புறம் இந்தத் தேதி குறிக்கும் பழக்கம். ஜெஃப்ரி ஹிண்டன் ஏஐ துறையில் எவ்வளவு பெரிய விஞ்ஞானி, 2024-ல் நோபல் வாங்கியவர். அவர் 2016-ல், ஸ்கேன், எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருடத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். பத்து வருடம் ஆகப்போகிறது, ரேடியாலஜிஸ்டுகளுக்கு இன்னும் ஆள் தட்டுப்பாடுதான். அவருக்கே தேதி தவறியது. "டிசம்பருக்குள்" என்று எழுத உங்களுக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது? டிசம்பர் போனபிறகு ஒருவராவது திரும்பி வந்து, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதினீர்களா?

ரெஸ்யூமே விஷயமும் இப்படித்தான். நூற்றுக்கு 75 ரெஸ்யூமேக்களை மனிதக் கண் படுவதற்கு முன்பே ஏடிஎஸ் என்கிற, விண்ணப்பங்களைக் கையாளும் சாஃப்ட்வேர் குப்பையில் போடுகிறது என்று வருடக்கணக்காக எழுதுகிறீர்கள். அதை யார் அளந்தார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. நான் ஆள் எடுக்கும் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், நாங்கள் பயன்படுத்துவது விண்ணப்பங்களை அடுக்கி வைத்துத் தேட உதவும் சாஃப்ட்வேர், அவ்வளவுதான். பெரும்பாலும் ஆட்களைக் கழிப்பது நோட்டீஸ் பீரியட், அனுபவ வருடம், சம்பளம் என்ற கேள்விகளுக்கு அவர்கள் கொடுத்த பதில்தான். இதைச் சொன்னால் ஒருவர் அந்த மூன்று பதிலைச் சரியாக நிரப்புவார். நீங்கள் பயத்தைச் சொல்லிவிட்டு, கமெண்டில் "இண்ட்ரஸ்டட்" என்று போடுங்கள், டெம்ப்ளேட் அனுப்புகிறேன் என்கிறீர்கள். கமெண்ட் குவிந்தால் ரீச் கூடும் என்று எங்களுக்கும் தெரியும். "ஸீ மோர்" வருவதற்கு முன்னால் உள்ள இரண்டு மூன்று வரிகளில்தான் ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்த இரண்டு வரியோடு நிறுத்திவிட்டுத் தூங்கப்போகிற மனிதர்கள் இருக்கிறார்கள். என் தம்பி அப்படித்தான் போவான், தூங்க மாட்டான்.

வேலை தேடுகிறேன் என்று ப்ரொஃபைல் படத்தில் போடும் பச்சை வளையத்தையும் விட்டுவைக்கவில்லை. "ஓப்பன் டு வொர்க் போட்டால் கையேந்துகிற மாதிரி தெரியும்" என்று ஒருவர் எழுத, வேலை போன எத்தனை பேர் அதை எடுத்துவிட்டு மௌனமாகிவிட்டார்கள். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி அதே செட்டிங்கில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வரி போதும்.

தம்பி கதைக்கு வருகிறேன். வேலை போன பத்தாவது நாள், பயமுறுத்திய பதிவுகளில் ஒன்றின் கமெண்டில் இருந்த லிங்க்கை அழுத்தி, 65,000 ரூபாய்க்கு ஒரு ஆட்டோமேஷன் கோர்ஸில் சேர்ந்தான். பன்னிரண்டு மாத இஎம்ஐ. கிடைத்தது பழைய ரெக்கார்டட் வீடியோக்கள். கோர்ஸ் விற்பது தப்பில்லை, சொல்லிக்கொடுப்பதற்குக் கூலி வாங்கத்தான் வேண்டும். ஆனால் நோயையும் நீங்களே சொல்லி மருந்தையும் நீங்களே விற்கும்போது, விற்கிறேன் என்பதைப் பதிவின் மேலேயே எழுதுங்கள். பயந்தவர்கள் இதைவிட மோசமான இடத்துக்கும் போகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு பொய் அனுபவச் சான்றிதழ் தரும் கன்சல்டன்சிக்குப் போய், பின்னால் யுஏஎன் என்ற பிஎஃப் கணக்கு எண்ணைச் சரிபார்த்தபோது மாட்டி, இருந்த வேலையையும் இழந்த ஒருவரை எனக்கே தெரியும்.

கடைசியில் அவனுக்கு வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? முன்பின் தெரியாத ஒரு பெண், தான் போன ஒரு இண்டர்வியூவில் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதிப் போட்டிருந்தார். 401-க்கும் 403-க்கும் என்ன வித்தியாசம், போஸ்ட்மேனில் டோக்கனை எப்படி அடுத்த ரிக்வெஸ்டுக்குக் கடத்துவீர்கள், லெஃப்ட் ஜாயின் எப்போது போடுவீர்கள், பில்லிங் ஸ்கிரீன் ஒன்றுக்கு டெஸ்ட் கேஸ் எழுதுங்கள். எந்தக் கேள்வியில் தான் தடுமாறினேன் என்றும் எழுதியிருந்தார். அந்தப் பதிவுக்குப் பதினான்கு லைக். தம்பி அதை வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து படித்தான். கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தான், முன்னைவிடச் சம்பளம் குறைவு. அங்கேயும் மேனுவல் டெஸ்டிங்தான் பாதி வேலை. இஎம்ஐ இன்னும் நான்கு பாக்கி.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அனுபவம் இருக்கிறது, படிக்க ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். பயம் தரும் செய்தியோடு நாளைக் காலையில் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் எழுதுங்கள். எங்கிருந்து எடுத்த எண் என்று எழுதுங்கள். விற்பனை இருந்தால் சொல்லிவிடுங்கள்.

டிசம்பருக்குள் டெஸ்டிங் முடிந்துவிடும் என்று எழுதியவருக்கு மட்டும் தனியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது, நேற்றுகூட யாரோ ஒருவர் "நான் என்ன செய்வது சார்?" என்று கீழே கேட்டிருக்கிறார், பதில் இல்லை. மூன்று புள்ளியை அழுத்தினால் எடிட் இருக்கிறது. தயவுசெய்து அந்தத் தேதியைத் திருத்திவிட்டு, அவருக்கு ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர், இன்னொரு டெஸ்டரின் அக்கா