இந்த வாரக் கட்டடம்: கோல்டன் லாம்ப்

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துக்குப் போகிறோம். அங்கே லெபனான் என்ற சிற்றூரில் இருக்கிறது கோல்டன் லாம்ப். 1803-இல் ஜோனாஸ் சீமன் என்பவர் 4 டாலர் கட்டி உரிமம் வாங்கி, மதுக்கடையோடு சேர்ந்த விடுதியாகத் தொடங்கினார். இப்போதுள்ள செங்கல் கட்டடம் 1815-இல் எழுந்தது. படிக்கத் தெரியாத வழிப்போக்கர்களுக்கு அடையாளம் பலகையில் இருந்த தங்க ஆட்டுக்குட்டிதான்.

1842-இல் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் வந்து பிராந்தி கேட்டார். அப்போது அது மது இல்லாத விடுதியாகியிருந்தது. கிடைத்தது டீயும் காபியும், அதுவும் மோசம். மனிதர் எழுதியே திட்டிவிட்டார்!

எனக்குப் பிடித்த கதை 1871-இல் நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்தில் அதிபர் லிங்கனை எதிர்த்துப் பேசி நாடு கடத்தப்பட்டவர் கிளெமென்ட் வல்லாண்டிகம். வக்கீலான அவர் ஒரு கொலை வழக்குக்காக இங்கே தங்கியிருந்தார். செத்தவர் துப்பாக்கியை உருவும்போது தன்னைத்தானே சுட்டிருக்கலாம் என்பது அவர் வாதம். அதை அறையில் நடித்துக் காட்டினார். கையில் எடுத்ததோ குண்டு போட்ட துப்பாக்கி. மறுநாள் இறந்துபோனார். அவர் யாருக்காக வாதாடினாரோ அந்தக் குற்றம்சாட்டப்பட்டவர் பிற்பாடு விடுதலையானார். இதைவிட வலுவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

12 அமெரிக்க அதிபர்கள் வந்துபோன இந்த இடத்தில் இன்றும் சாப்பிடலாம், தங்கலாம்.

சரி, உங்கள் ஊர் பழைய லாட்ஜ், சத்திரம் படங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுங்கள். ஃபார்வர்டு மட்டும் வேண்டாம்.